பழமரம் வளர்ப்போர் சங்கம்

(சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

மதுரை நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலம் அதிகம் இல்லாத குடும்பத்தாரும் வீட்டுக் கொல்லையில் ஒரு வாழை, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, இடம் இருந்தால் ஒரு மா என்று ஏதேனும் ஒரு பழமரத்தை வைத்து வளர்ப்பது வழக்கம். இவர்கள் பழ வியாபாரிகள் அல்லர். வீட்டுக் குழந்தைகள் தின்றது போக மிகுந்ததை உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் கொடுத்து மகிழ்கிறவர்கள். ஆயினும் இவர்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு வித்தை இருக்கிறது. ஒருவர் மாவில் ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவராய் இருப்பார். மற்றொருவர் கொய்யாக் கிளையைப் பதியன் போட அறிவார். வேறொருவர் வீட்டில், ஊரில் எங்கும் காணக்கிடையாத நல்ல ஜாதி மாமரம் ஒன்று நிற்கும். அவர் காலஞ்சென்ற பின் வீட்டைப் பெருக்கிக் கட்டுவதற்காக அம்மரத்தை வெட்டிவிடுவார்கள். மரத்தோடு அந்த ஜாதியும், மனிதரோடு அவருடைய வித்தையும் மறைந்துபோகும்.

இவ்வாறு சிதறிக் கிடக்கும் அறிவை ஒன்றுசேர்க்க ஒரு சங்கம் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள். அச்சங்கத்திற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. கட்டிடமும் சம்பளச் சிப்பந்திகளும் வேண்டுவதில்லை. தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லும் மனமும், அதனினும் முக்கியமாக, தம் தோட்டத்தில் நேர்ந்த கேட்டை மறைக்காமல் சொல்லும் தைரியமும் இருந்தால் போதும். இவ்விரண்டில் பின்னது இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை நம் பக்கத்து மலைகளில் நடந்த ஒரு விஷயத்தைக் கொண்டு முதலில் விளக்குவோம்.

1. மலைவாழைக்கு நேர்ந்த கதி

கீழ்ப்பழனி மலைகளும் சிறுமலையும், 1985 ஆம் வருஷத்தில் திண்டுக்கல் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவையே. அம்மலைகளில் ஏறக்குறைய 2,000 அடி முதல் 5,000 அடி வரை உயரமுள்ள இடங்களில், காப்பிச் செடிகளினூடே, மர நிழலில், மழையை நம்பி வளர்வது மலைவாழை. விருப்பாட்சி என்றும் சிறுமலை என்றும் பெயர் பெற்ற அவ்வாழைகளின் பழம் சிறியது, மணமும் இனிப்பும் மிக்கது, நீர்ப்பசை குறைந்தது. பழனியில் செய்யப்படும் பஞ்சாமிர்தத்திற்கு விருப்பாட்சிப் பழம் பெயர் பெற்றதாகும். சமவெளி வாழையைப்போல் ஓரிரண்டு போகத்தில் அழித்துவிடாமல், ஒரு முறை வைத்தால் பல வருஷங்கள் தூர்விட்டுப் பலன் தருவது அதன் விசேஷம்.

1970 ஆம் வருஷங்களின் தொடக்கத்தில் மலைவாழை பயிராகிவந்த விஸ்தீரணம் சுமார் 18,000 ஹெக்டேர் என்பர். பிற்பாடு அது சுமார் 2,000 ஹெக்டேராகக் குறுகிற்று. அதாவது, ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு அழிந்தது. வெள்ளத்தாலோ பஞ்சத்தாலோ நேர்ந்த அழிவன்று இது. முடிக்கொத்து நோய் என்னும் ஒரே வியாதியால் நேர்ந்தது.

2. நோயின் இயல்பு

இந்நோய் கண்ணுக்குத் தெரியாத வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாவது. நோய் கண்ட வாழையின் இலைக்காம்பிலும், இலையின் பின்புறத்து நடுநரம்பை ஒட்டியும், கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறிகளைப்போல் அடையாளங்கள் முதலில் தோன்றும். இலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இவை நன்கு விளங்கும். அதன் பின் விரியும் இலைகள் வரவரக் குறுகியும் குட்டையாகியும், ஓரம் மஞ்சளித்தும், நேர்குத்தாக நின்றும், உச்சியில் கொத்துப்போல் நெருங்கிக் காணும். அவ்வாழை பெரும்பாலும் குலை தள்ளாது, தள்ளினாலும் பிரயோஜனப்படாது. நோய் கண்ட வாழையைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

நோய் பரவும் வழிகள் இரண்டு. முதலாவது, வாழை அசுவினி. இலையுறைகளின் இடுக்கிலும் குருத்திலும் தண்டின் அடியிலும் ஒதுங்கியிருந்து சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி, நோயுள்ள வாழையில் உண்டபின் நல்ல வாழைக்குச் சென்று அங்கே நோயை ஏற்றுகிறது. அது பெரும்பாலும் தூர தேசம் போவதில்லை. பக்கத்து வாழைக்கும் பக்கத்துக் கொல்லைக்குமே போகிறது. இரண்டாவது வழி, மனிதர் கை. வாழைக்கு விதை கிடையாது. தாய்வாழையின் கிழங்கிலிருந்து பிரியும் பக்கக்கன்றையே எடுத்து நடுகிறோம். ஆகவே தாய்க்கு உள்ள நோய் கன்றுக்கும் உண்டு. நோய் புகுந்தும் சில வாரங்கள் வரை கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். அதைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினால், பூச்சி ஒரு வருஷத்தில் போகாத தூரத்தை நோய் ஒரே நாளில் கடந்துவிடுகிறது. இலங்கையில் 1913 ஆம் வருஷத்திலேயே காணப்பட்ட இந்நோய் 1940 ஆம் வருஷத்தில் அங்கிருந்து கேரள நாட்டிற்கு வந்து சேர்ந்ததாகச் சாஸ்திரிகள் எழுதியுள்ளனர்.

இவ்விரண்டு வழிகளையும் அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். ஒன்று அண்டை வீட்டிற்குப் பரவும் வழி. மற்றொன்று நண்பருக்கு நாம் அன்பளிப்பாகக் கொடுக்கும் வழி. இரண்டிலும் தனி மனிதர் தம் வேலிக்குள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தப்ப முடியாது.

3. இதை எழுதுபவரின் குற்றம்

கிராமம் கிராமமாகச் சென்று சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருக்கும் நான், பிறர் கணக்கில் காணும் பிழைகளை எழுதிப் பழக்கப்பட்டவன். என் பிழை ஒன்றையும் எழுதுவது நியாயம்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக் கொல்லையில் நான்கு வாழைகள் நின்றன. அவற்றில் ஒன்று குறுகிய இலைகளை விட்டது. உரம் போதவில்லை என்று எண்ணி எரு வைத்தேன். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி வாய்க்காலைத் திருப்பிவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவர் கன்று கேட்டபொழுது, அதே தூரைச் சேர்ந்த இரண்டு கன்றுகளைச் சந்தோஷத்தோடு தோண்டிக் கொடுத்தேன். பின்னர் விவசாய இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் தற்செயலாக வந்து பார்த்து, இது முடிக்கொத்து என்றார். நான் என் வாழைகளை அழித்தேன். ஆனால் பெரியவரிடம் சொல்லவில்லை. கொடுத்த கன்று கெட்டது என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சமே காரணம். தானாகச் சரியாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வருஷத்திற்குள் அவர் கொல்லையில் இருந்த பழைய வாழைகளும் போயின. அவை அவருடைய தாயார் காலத்திலிருந்து தூர்விட்டு வந்தவை. அவர் என்னைக் கோபிக்கவில்லை. "தம்பி, நோய் வந்தது உங்கள் குற்றம் அல்ல. வந்ததைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு கன்றை அன்றைக்கே பிடுங்கி எறிந்திருப்பேனே" என்று மாத்திரம் சொன்னார். அவ்வார்த்தைக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

எங்கள் தெருவில் அப்பொழுது ஒரு சங்கம் இருந்து, மாதம் ஒரு முறை கூடி, "யார் வீட்டு மரத்திற்கு என்ன கேடு?" என்று கேட்கும் வழக்கம் இருந்திருக்குமானால், கூச்சத்திற்கு இடமே இருந்திராது. எல்லோரும் சொல்லும் இடத்தில் நானும் சொல்லியிருப்பேன். நோயைச் சொல்வது அவமானமன்று, கடமை என்று ஆக்குவதே சங்கத்தின் முதற்பயன்.

4. அழிந்ததை மீட்டவர்கள்

இந்நோயைக் கூட்டு முயற்சியால் அடக்கிய தேசம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நியூ சௌத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாகாணங்களின் எல்லைப்புறத்தில் 1913 ஆம் வருஷத்தையொட்டி இந்நோய் நுழைந்தது. 1925 ஆம் வருஷத்திற்குள் அப்பகுதியின் வாழை விவசாயம் அநேகமாக முற்றிலும் நாசமாயிற்று. அப்பொழுது மேகீ என்னும் இளம் சாஸ்திரி, அசுவினியே நோயைப் பரப்புகிறது என்று பரிசோதித்து 1927 ஆம் வருஷத்தில் வெளியிட்டார். ஆனால் அவர் கண்டுபிடித்த மருந்து எதுவும் இல்லை. அவர் வகுத்தது ஒரு ஏற்பாடு மாத்திரமே: பரிசோதிக்கப்பட்ட கன்றையன்றி எவரும் நடக்கூடாது, தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் வாழைகளைத் தவறாமல் பார்வையிடவேண்டும், நோய் கண்டால் அறிவிக்கவேண்டும், நோயுற்ற வாழையைத் தூரோடு அழிக்கவேண்டும். இந்நிபந்தனைகளுக்கு எல்லோரும் கட்டுப்பட்டதனால் அங்கே வாழை விவசாயம் மறுபடியும் தழைத்தது.

நம் மலைகளிலும் முயற்சி நடவாமல் இல்லை. நோயற்ற தாய்வாழையின் குருத்துத் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, வைரஸ் இல்லை என்று பரிசோதித்து, கன்றுகளாக்கி நடும் முறையைத் திருச்சியிலுள்ள வாழை ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் மலைவாழைக்குக் கையாண்டனர். விவசாயிகளும் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த அந்த மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பு விண்ணப்பித்ததன் பேரில், விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008 ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் நாம் அறியவேண்டிய சட்டநுட்பம் ஒன்று உண்டு. 1999 ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, ஒரு தனி விவசாயி, எவ்வளவு பெரிய தோட்டம் உடையவராயினும், தம் பெயருக்கு இக்குறியீட்டைப் பெற முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்களுக்காக நிற்கும் ஸ்தாபனமோதான் கேட்கலாம். ஊரின் பெயரால் வழங்கும் பழம் ஊருக்குப் பொதுச் சொத்து என்பது சட்டத்தின் கருத்து. பொதுச் சொத்தைக் காக்கச் சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

5. பிற இடங்களில் இத்தகைய சங்கங்கள்

லண்டனில் 1804 ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஏழு பேர் ஒரு புஸ்தகக் கடையில் கூடித் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கமே, பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற ராயல் தோட்டக்கலைச் சங்கமாயிற்று. சென்னையில் விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் 1835 ஆம் வருஷத்தில் தோன்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1968 ஆம் வருஷத்தில் தொடங்கிய அபூர்வப் பழம் வளர்ப்போர் சங்கம், வியாபாரிகளால் அல்லாமல், வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்காகப் பழமரம் வளர்ப்போரால் நடத்தப்படுகிறது. அதன் கிளைகளில் அங்கத்தினர்கள் தத்தம் மரங்களின் ஒட்டுக்குச்சிகளைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. உழைப்பவர்கள் கூலி பெறாத தொண்டர்களே.

ஏழு பேர் என்ற எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும், 1975 ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்.

6. நம் ஊர்ச் சங்கம் செய்யவேண்டிய வேலைகள்

முதலாவது, மரக்கணக்கு. ஊரில் யார் வீட்டில் என்ன பழமரம், எந்த ஜாதி, எந்த வருஷம் வைத்தது, எந்த மாதம் காய்க்கிறது என்பதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதவேண்டும். நல்ல ஜாதி மரம் ஒன்று முதுமையடைந்து நின்றால், அது பட்டுப்போகும் முன் அதிலிருந்து ஒட்டு எடுக்க இக்கணக்கே வழிகாட்டும்.

இரண்டாவது, வித்தையைக் கற்பித்தல். மாங்கொட்டையை நட்டு முளைக்கும் செடி தாயைப்போல் காய்க்கும் என்ற நிச்சயம் இல்லை, காய்க்கவும் நெடுநாளாகும். ஒட்டுச்செடியோ தாயின் குணத்தையே உடையது. விரைவில் பலன் தருவது. ஒட்டுக்குச்சி எடுக்கும் கிளை மூன்று நான்கு மாதம் முதிர்ந்ததாயும் நல்ல மொட்டு உள்ளதாயும் இருக்கவேண்டும். எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன் காம்பை விட்டு இலைகளைக் கத்தரித்துவிட்டால் மொட்டு பருக்கும். வெட்டிய குச்சியை ஈரத்துணியில் சுற்றி, ஜாதியின் பெயரை எழுதிக் கட்டி, தாமதமின்றி வேர்ச்செடியில் பொருத்தவேண்டும். இவ்வளவையும் படித்து அறிவதைக்காட்டிலும், கைதேர்ந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது பார்ப்பது மேல். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இத்தகைய கூட்டம் ஒன்று நடத்தினால், ஐப்பசி மழையில் புதுச்செடிகளை நட வசதியாயிருக்கும்.

மூன்றாவது, பரிமாற்றம். மா, கொய்யா முதலியவற்றில் ஒட்டுக்குச்சியும் பதியனும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நலமுள்ள மரத்திலிருந்தே எடுக்கவேண்டும். வாழைக்கன்றை மாத்திரம் பரிசோதனையின்றிக் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று சங்கம் விதி செய்துகொள்ளவேண்டும். வேண்டுவோர் பரிசோதிக்கப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வரவழைக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளிலும் ஒட்டு மொட்டின் மூலம் வைரஸ் நோய் பரவக்கூடுமாதலால் அதே ஜாக்கிரதை வேண்டும்.

நான்காவது, நோய் அறிவிப்பு. மாதந்தோறும் கூட்டத்தின் முதல் விஷயமாக, "நம்மில் யார் மரத்திற்கு என்ன கேடு?" என்று தலைவர் கேட்கவேண்டும், தலைவர் தம் தோட்டத்தைப்பற்றி முதலில் சொல்லவேண்டும். முடிக்கொத்து என்று சந்தேகம் வந்தால், தோட்டக்கலை இலாகாவாருக்குத் தெரிவித்து, அங்கத்தினர் நால்வர் சேர்ந்து போய்ப் பார்வையிடவேண்டும். நோய் உறுதியானால், வாழையை வெட்டிச் சாய்ப்பதற்கு முன் அசுவினியை இலாகாவார் சொல்லும் மருந்தால் கொல்லவேண்டும். இல்லையேல் அப்பூச்சிகள் கலைந்து பக்கத்துத் தோட்டத்திற்குப் போய்விடும். பிறகு கிழங்கோடும் கன்றுகளோடும் தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக்கிக் காயவைத்து அழிக்கவேண்டும். வாழையை இழந்தவருக்குச் சங்கப் பணத்தில் நல்ல கன்று ஒன்று வாங்கிக் கொடுப்பது உத்தமம். உண்மையைச் சொன்னவர் நஷ்டப்படலாகாது.

7. நிர்வாகம்

சங்கத்திற்குத் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் மூவரும் அவசியம். வருஷத்திற்கு ஒரு முறை பொதுக்கூட்டத்தில் தேர்தல் நடத்தி, ஒருவரே பல வருஷம் காரியதரிசியாய் இராமல் மாற்றிக்கொள்வது நல்லது. ஊதியமில்லாத வேலை ஒரே தோளில் ஏறினால், அந்தத் தோள் களைத்த அன்றைக்குச் சங்கமும் படுத்துவிடும். கூட்டங்களுக்கு அறிவிப்பு அனுப்ப ஒருவர், மரக்கணக்கு எழுத ஒருவர், செடிகளைப் பெற்று வழங்க ஒருவர் என்று வேலையைப் பங்கிடவேண்டும்.

சந்தா எல்லோரும் கொடுக்கக்கூடிய அளவிலேயே இருக்கட்டும். பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதும், செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டும் இருக்கவேண்டும். தொண்டு வேலைதானே, கணக்கு எதற்கு என்று சொல்லுவோர் உண்டு. கூலி வாங்காமல் உழைப்பவரின் நற்பெயரைக் காப்பது கணக்குப் புஸ்தகமே. நிலம் உள்ளவர், இல்லாதவர், இன்ன ஜாதியார், இன்ன தெருவார் என்ற பேதம் கூடாது. கொல்லையில் ஒரு மரம் வைத்திருக்கும் ஸ்திரீகளும் அங்கத்தினராக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தினமும் மரத்திற்குத் தண்ணீர் விட்டு, இலையின் மாறுதலை முதலில் காண்பவர்கள் அவர்களே. அசுவினிக்கு வேலியும் தெரியாது, தெருவும் தெரியாது. ஒரு வீட்டை ஒதுக்கி வைத்த சங்கம் தன் நோயை அந்த வீட்டில் வளர்க்கும் சங்கமாகும்.

இச்சங்கம் வியாபாரத்தில் இறங்காதிருப்பது நலம். பழத்தைச் சேர்த்து விற்க வேண்டுமளவுக்கு உற்பத்தி பெருகினால், அதற்கென்று கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தனியே ஏற்படுத்திக்கொள்ளலாம். அறிவைப் பகிரும் இடத்தில் விலைப்பேச்சு நுழைந்தால், தெரிந்ததை மறைக்கும் ஆசையும் கூடவே நுழையும்.

8. சங்கக் கூட்டத்தில் விவாதிக்கவேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் ஒரே ஒரு வீட்டில் மாத்திரம் உள்ள பழஜாதி எது? அம்மரம் பட்டுப்போனால் அதை எங்கே தேடுவது?

2. நம்மில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? அவர்களுக்கு வயது என்ன? அவர்களிடம் கற்றுக்கொண்ட இளைஞர் உண்டா?

3. சென்ற வருஷத்தில் நாம் பிறருக்குக் கொடுத்த கன்றுகள் எவை? அவை இன்று எப்படி இருக்கின்றன என்று போய்ப் பார்த்தோமா?

4. நம் தோட்டத்தில் நோய் கண்டால் முதலில் யாருக்குச் சொல்வோம்? சொல்லத் தயங்கினால், தயக்கத்திற்குக் காரணம் யாது?

இவற்றுள் மூன்றாம் வினாவிற்கு இன்றே விடை தேடுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். கன்று கொடுத்த வீட்டிற்கு நடந்துபோய் ஒரு முறை பார்த்துவருவதற்கு அரை மணி நேரம் ஆகும். நான் எதிர்வீட்டிற்குப் போயிருந்தால் அந்த அரை மணியும் ஆகியிராது.